கறுப்பு நடிகைக்கு ஏன் கறுப்பு மை பூசினார்கள்?

உலக சினிமா: கேள்வி – பதில்

கேள்வி: மகள் சொன்னாளே என்று 'பாஸிங்' என்ற ஆங்கிலப் படத்தை ஓடிடியில் பார்த்தேன். 1920-களில் நியூயார்க்கில் நடக்கும் கதை. கறுப்பினப் பெண் ஒருத்தி தன் பிறப்பை மறைத்து, வெள்ளைக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு, வெள்ளைக்காரியாகவே வாழ்கிறாள். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. படம் முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கறுப்பின வம்சம் என்று எனக்கே தெரிகிறது. கூடவே குடும்பம் நடத்துகிற புருஷனுக்குத் தெரியாமலா போகும்? இப்படிக் கலப்பினத்தில் பிறந்த நடிகர்களை ஹாலிவுட் கறுப்பர் என்று எடுத்துக்கொண்டதா, வெள்ளையர் என்றா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: புருஷனுக்குத் தெரியாதா என்ற சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல; அந்தப் படத்தைப் பார்த்த பலருக்கும் வந்ததுதான். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் பின்கதை தெரியாமல் அந்த வரி விளங்காது. அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. 'கலப்பினம்' என்பதை நாம் ஜெர்சி மாட்டுக்கும் விதைநெல்லுக்கும் சொல்கிறோம். மனிதரைச் சொல்லும்போது காதில் உறுத்துகிறது. ஆங்கிலத்திலும் 'முலாட்டோ' என்றொரு சொல் புழங்கியது. கோவேறு கழுதையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். இன்று மரியாதை தெரிந்தவர்கள் அதைச் சொல்வதில்லை. 'இரு இனப் பெற்றோரின் பிள்ளை' என்று எழுதினால் நீளம்தான். இருந்தாலும் நான் அப்படியே எழுதுகிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் ஒருவர் கறுப்பரா வெள்ளையரா என்பதை முகம் பார்த்துத் தீர்மானிக்கவில்லை, வம்சம் பார்த்துத் தீர்மானித்தார்கள். அடிமை முறை இருந்த காலத்தில், 1662-ல், வர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்தது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யாராக இருந்தாலும் சரி. பண்ணை முதலாளிக்கு இதைவிட வசதியான சட்டம் உண்டா? அடிமைப் பெண்ணிடம் அவனுக்குப் பிறந்த பிள்ளையும் அவனுக்குச் சொத்தாகிவிடுகிறது. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்து, அவளுக்கும் இதே கதி நேர்ந்தால், மூன்றாம் தலைமுறையில் பிறக்கும் குழந்தை வெள்ளை வெளேரென்றுகூட இருக்கலாம். ஆனாலும் அடிமைதான்.

அடிமை முறை ஒழிந்த பிறகும் இந்தக் கணக்கு ஒழியவில்லை. கறுப்பு ரத்தம் ஒரு துளி இருந்தாலும் ஆள் கறுப்பர்தான் என்பதை அதே வர்ஜீனியா 1924-ல் சட்டமாகவே எழுதி வைத்தது. ஆக, காகிதத்தில் கறுப்பர், கண்ணாடியில் வெள்ளையர் என்று ஏராளமானோர் அந்த நாட்டில் இருந்தார்கள். அவர்களில் சிலர் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரியாத ஊருக்குப் போய், வெள்ளையராகவே புது வாழ்க்கையைத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் 'பாஸிங்'. நல்ல வேலை, நல்ல வீடு, ரயிலில் நல்ல பெட்டி எல்லாம் கிடைக்கும். பெற்ற தாயை மட்டும் தெருவில் கண்டாலும் யாரோ போலக் கடந்து போக வேண்டும்.

இந்தக் கதை சினிமாவுக்கு எப்படிப்பட்ட தீனி என்று யோசித்துப் பாருங்கள். ரகசியம் இருக்கிறது, காதல் இருக்கிறது, தாயின் கண்ணீர் இருக்கிறது. ஹாலிவுட்டும் விடவில்லை. சிக்கல் எங்கே வந்தது என்றால், அந்த வேடத்தில் யாரை நடிக்கவைப்பது என்பதில்தான்.

ஹாலிவுட் முதலாளிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள் இருந்தன. பேச்சுவழக்கில் 'ஹேஸ் கோட்' என்பார்கள். 1930-ல் எழுதி, 1934 முதல் கண்டிப்பாகப் பின்பற்றினார்கள். அதில் ஒரு விதி, கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் உடலுறவோ காதலோ இருப்பதாகத் திரையில் காட்டவே கூடாது என்றது. 1956-ல்தான் அதை நீக்கினார்கள். காதல் காட்சியை வெட்டிவிடலாம். இரு இனச் சாயலும் உள்ள ஒரு முகத்தை என்ன செய்வது? அந்த முகம் திரையில் வந்து நின்றாலே போதும், விதி மறைக்கச் சொன்ன உறவு நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது ஒரு நடிகையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஃப்ரெடி வாஷிங்டன். 1903-ல் ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னா நகரில் பிறந்தவர். கறுப்பினக் குடும்பம். ஆனால் வெளுத்த நிறம், பச்சைக் கண்கள். நியூயார்க்கில் நடனக்காரியாகத் தொடங்கி மேடைக்கும் பிறகு சினிமாவுக்கும் வந்தார். 1933-ல் 'தி எம்பரர் ஜோன்ஸ்' படத்தில், அந்நாளின் பெரும் பாடகரும் நடிகருமான பால் ராப்சனுக்கு ஜோடியாக நடித்தார். எடுத்தவரை போட்டுப் பார்த்த ஹேஸ் அலுவலகத்துக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ராப்சன் நல்ல கறுப்பு. அவர் அணைத்திருக்கும் பெண்ணோ, பார்த்தால் வெள்ளைக்காரி. ரசிகர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தக் காட்சிகளைத் திரும்ப எடுங்கள் என்று உத்தரவு. கறுப்பின நடிகையான ஃப்ரெடி வாஷிங்டன் கறுப்பினப் பெண்ணாகத் தெரிவதற்காக, அவர் முகத்திலும் உடம்பிலும் கறுப்பு ஒப்பனை பூசினார்கள்.

அடுத்த ஆண்டு, 1934-ல், 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' வந்தது. ஜான் ஸ்டால் இயக்கிய படம். கணவனை இழந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி. அவள் வீட்டில் வேலைக்கு வந்து தங்கும் கறுப்பினத் தாய் டிலைலா. டிலைலாவின் மகள் பியோலா. பார்வைக்கு வெள்ளைக்காரிபோல் இருக்கும் பியோலாவாக நடித்தவர் ஃப்ரெடி. இந்தக் கதைக்கே தணிக்கை அலுவலகம் முட்டுக்கட்டை போட்டது. இவ்வளவு வெளுப்பாக ஒரு பெண் எப்படிப் பிறந்தாள் என்ற கேள்வி வருமே என்பதுதான் அவர்கள் கவலை. அதற்காகவே, பியோலாவின் அப்பாவும் கறுப்பர்தான், ஆனால் வெளுத்த நிறக் கறுப்பர் என்று டிலைலா ஒரு வசனம் பேசுகிறாள். படம் பார்க்கும்போது அந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு தாய் தன் கணவனைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்லும் பேச்சுபோல இருக்கும். உண்மையில் அது தணிக்கைக்காரர்களுக்குச் சொன்ன சமாதானம்.

அந்தப் படத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி வருகிறது. வெளியே மழை. பியோலா அப்போது சிறுமி. நனைந்துவிடுவாளே என்று குடையும் மழைக் காலணியும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுகிறாள் டிலைலா. வகுப்பு வாசலில் நின்று மகளைத் தேடுகிறாள். கறுப்புப் பிள்ளைகள் யாரும் என் வகுப்பில் இல்லையே என்கிறார் ஆசிரியை, மரியாதையாகவே. பியோலா புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா கண்டுபிடித்துவிடுகிறாள். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அந்த அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. மழைக்குக் குடை கொண்டுவந்தாள், அவ்வளவுதான். ஒரு குடையால் பிள்ளையின் வாழ்க்கை கவிழ்ந்துபோகிறது. இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும் அந்தக் காட்சியில் தொண்டை அடைக்கிறது.

ஃப்ரெடி அவ்வளவு நன்றாக நடித்ததுதான் அவருக்கே வினையாயிற்று. நிஜத்திலும் அவர் பியோலாவைப் போலத் தன் இனத்தை வெறுப்பவர் என்று கறுப்பின ரசிகர்களே நம்பினார்கள். நடந்தது நேர் எதிர். வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொண்டால் பெரிய நட்சத்திரமாகலாம் என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். அவர் ஒப்பவே இல்லை. டியூக் எலிங்டனின் இசைக்குழுவோடு தெற்கு மாநிலங்களுக்குப் போனபோது நடந்ததாக ஒன்று சொல்வார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்று இருந்த ஐஸ்கிரீம் கடைக்குள் அவர் போவார். கேட்டதும் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்து, உள்ளே போக முடியாமல் நிற்கும் கறுப்பின இசைக்கலைஞர்கள் கையில் கொடுப்பார். கடைக்காரருக்கு அப்புறம்தான் உறைக்கும்.

இப்படிப்பட்டவருக்கு ஹாலிவுட் என்ன வேடம் கொடுத்தது? அந்நாளில் கறுப்பின நடிகைகளுக்கு இருந்ததே வேலைக்காரி வேடம்தான். அதற்கு இவர் நிறம் 'போதாது'. வெள்ளைக்கார நாயகனுக்கு ஜோடியாகப் போடலாம் என்றால் விதி குறுக்கே நிற்கிறது. 1937-க்குப் பிறகு அவருக்குப் படமே இல்லை. அதே ஆண்டு கறுப்பின நடிகர்களுக்கான சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்தார். நாடக விமர்சனம் எழுதினார். சக நடிகர்களுக்காக வாதாடினார். 1994-ல், 90 வயதில் காலமானார். உங்கள் கேள்விக்கு அவர் வாழ்க்கையே பாதிப் பதில். வேலைக்காரி வேடத்துக்கு ஆள் தேடும்போது அவரை வெள்ளைக்காரி என்றார்கள். நாயகி வேடத்துக்குத் தேடும்போது கறுப்பச்சி என்றார்கள்.

அவருக்குப் பிறகு ஹாலிவுட் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தது. கதை இரு இனப் பிள்ளையின் கதையாகவே இருக்கட்டும், நடிப்பது மட்டும் வெள்ளைக்காரியாக இருக்கட்டும் என்று முடிவுகட்டியது. 1949-ல் எலியா கஸான் இயக்கிய 'பிங்கி'யில் ஜீன் கிரெய்ன் நடித்தார். கதைப்படி பிங்கி கறுப்பினப் பெண். அவளுக்கு வெள்ளைக்காரக் காதலன். நடிகை வெள்ளையர் என்பதால் முத்தக் காட்சியில் சிக்கல் இல்லை. திரையில் நடப்பது விதிமீறல், படப்பிடிப்புத் தளத்தில் நடப்பதோ இரண்டு வெள்ளையர்கள் கொடுத்துக்கொள்ளும் முத்தம். இதைக்கூடச் சிலரால் பொறுக்க முடியவில்லை. டெக்ஸாஸ் மாநிலத்தின் மார்ஷல் என்ற சிற்றூரில் தடையை மீறிப் படத்தை ஓட்டிய திரையரங்கக்காரருக்கு அபராதம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1952-ல் அவர் ஜெயித்தார்.

லீனா ஹார்னின் கதை இன்னும் வேடிக்கை. எம்ஜிஎம் நிறுவனத்தில் ஒப்பந்தமான பாடகி, அழகி. அவர் வரும் பாட்டுக் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுப்பார்கள். தெற்கு மாநிலத் திரையரங்குகளில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுப் படத்தை ஓட்ட வேண்டும் அல்லவா! அவருடைய நிறம் கேமராவில் போதுமான கறுப்பாகத் தெரியவில்லை என்று மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனத்திடம் சொல்லித் தனி மேக்கப் செய்ய வைத்தார்கள். அதன் பெயர் 'லைட் ஈஜிப்ஷியன்'. பிறகு 'ஷோ போட்' படத்தை 1951-ல் திரும்ப எடுத்தபோது, அதில் வரும் ஜூலி என்ற இரு இனப் பெண் வேடத்துக்கு லீனா ஹார்ன் ஆசைப்பட்டார். 1946-ல் இன்னொரு படத்துக்குள் வந்த ஒரு துண்டுக் காட்சியில் அதே ஜூலியாக அவர் பாடியும் இருக்கிறார். ஆனால் வேடம் போனது ஏவா கார்ட்னருக்கு. தனக்கென்று கலந்த அந்த மேக்கப்பைத்தான் கறுப்பாகத் தெரிய வேண்டிய வெள்ளை நடிகைகளுக்குப் பூசினார்கள் என்று லீனா பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

'இமிடேஷன் ஆஃப் லைஃப்' 1959-ல் டக்ளஸ் சர்க் இயக்கத்தில் வண்ணத்தில் திரும்ப வந்தது. இப்போது மழைக்குப் பதில் பனி; குடைக்குப் பதில் சிவப்புக் காலணி. வாசலில் வந்து நிற்கும் தாய் மட்டும் மாறவில்லை. ஆனால் மகள் வேடம், ஃப்ரெடி செய்த அந்த வேடம், சூசன் கோனருக்குப் போனது. அவர் தாய் மெக்ஸிகோ நடிகை, தந்தை ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர். கறுப்பினத் தொடர்பே கிடையாது. நன்றாக நடித்தார், மறுப்பதற்கில்லை. தாயாக நடித்த வனிடா மூருக்கும் மகளாக நடித்த கோனருக்கும் துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 25 ஆண்டுகளில் ஹாலிவுட் முன்னேறியதா என்று கேட்டால், இந்த ஒரு வேடத்தைப் பொறுத்தவரை பின்னால் போனது என்றுதான் சொல்வேன்.

இனி 'பாஸிங்' படத்துக்கு வருவோம். நெல்லா லார்சன் 1929-ல் எழுதிய நாவல் அது. 2021-ல் படமாக்கியவர் ரெபெக்கா ஹால், ஆங்கிலேய நடிகை. அவருடைய அம்மாவின் அப்பா அமெரிக்கர். கறுப்பின வம்சத்தில் பிறந்து வெள்ளையராக வாழ்ந்தவர். ஆக, அவர் எடுத்தது தன் குடும்பத்துக் கதையைத்தான். முக்கியமான இரண்டு வேடங்களுக்கும் ரூத் நெக்கா, டெஸா தாம்ஸன் என்று இரு இனப் பெற்றோரின் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்தார். ரூத் நெக்காவின் அப்பா எத்தியோப்பியர், அம்மா ஐரிஷ்காரர். ஃப்ரெடி வாஷிங்டனுக்குக் கிடைத்து, பிறகு அவரைப் போன்றவர்களிடமிருந்து பறிபோன வேடம், சுற்றிச் சுற்றி ஒருவழியாக உரியவர்களிடம் வந்து சேர்ந்தது.

படம் கறுப்பு-வெள்ளையில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் அதில் சுத்தக் கறுப்பும் இல்லை, சுத்த வெள்ளையும் இல்லை. எல்லா முகமும் சாம்பல்தான். தொடக்கத்தில், கதையின் இன்னொரு கறுப்பின நாயகியான ஐரீன் வெயிலுக்குப் பயந்து ஓட்டல் தேநீர்க் கூடத்துக்குள் நுழைகிறாள். தொப்பியின் விளிம்பை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்கிறாள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. அந்தக் கூச்சத்தில் எல்லாரும் வெளுத்துத்தான் தெரிகிறார்கள். யாரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை. எதிர் மேஜையில் இருப்பவளை அவள் வெள்ளைக்காரி என்று நினைக்கிறாள். அவளோ பள்ளிக்காலத் தோழி கிளேர், நீங்கள் கேட்ட அந்தப் பெண்.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ரிசர்வேஷன் பெட்டியில் ஒருவர் ஜன்னலோரம் ஹாயாக உட்கார்ந்திருந்தால், டிக்கெட் வைத்திருப்பார் என்று நாமாகவே முடிவுகட்டிக்கொள்கிறோம் இல்லையா? அதே கதைதான். வெள்ளையருக்கான ஓட்டலில் உட்கார்ந்திருப்பவள் வெள்ளைக்காரி. எனக்கு மனைவியாக இருப்பவள் வெள்ளைக்காரி. கிளேரின் புருஷன் அவள் முகத்தைப் பார்த்து இந்த முடிவுக்கு வரவில்லை. முடிவுக்கு வந்த பிறகுதான் முகத்தைப் பார்க்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு நீ கறுத்துக்கொண்டே வருகிறாய் என்று கேலிசெய்து, கறுப்பரை இழிவுசெய்யும் வசைச்சொல்லைப் பாதியாக வெட்டி அதையே அவளுக்குச் செல்லப்பெயராக வைத்திருக்கிறான். அதாவது, அவன் கண்ணுக்குத் தெரிகிறது, அம்மா. தெரிந்ததை நம்பத்தான் அவனால் முடியவில்லை. நம் கதை வேறு. படத்தின் பெயரும் கதையும் தெரிந்துகொண்டு உட்கார்ந்தோம். அதனால் நமக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது.

கேள்வி: 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' வின் டீசல் கறுப்பரா, வெள்ளையரா? நண்பர்களுக்குள் பந்தயம்.
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: பந்தயத்தில் இரண்டு பக்கமும் காசை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்ற தகப்பனைத் தனக்குத் தெரியாது என்று வின் டீசலே சொல்லியிருக்கிறார். அவரை வளர்த்தவர், அம்மாவை மணந்துகொண்ட கறுப்பின நடிப்பு ஆசிரியர். தன்னைப் பற்றிக் கேட்டால், வெள்ளையர் அல்லாதவர் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வார்.

ஆரம்பத்தில் அவருக்கு இந்தக் குழப்பமே பட்டினியாக இருந்தது. கறுப்பர் வேடம் கேட்டுப் போனால் வெளுப்பு, வெள்ளையர் வேடம் கேட்டுப் போனால் கறுப்பு. வெறுத்துப்போய், சுமார் 3,000 டாலர் செலவில், தானே எழுதி இயக்கி நடித்து 'மல்ட்டி-ஃபேஷியல்' என்ற குறும்படம் எடுத்தார். வாய்ப்புத் தேடும் நடிகன் ஒருவன் ஓர் ஆடிஷனில் இத்தாலியனாகப் பேசுகிறான், இன்னொன்றில் கறுப்பின இளைஞனாகப் பேசுகிறான், வேறொன்றில் லத்தீன் அமெரிக்கனாகிறான். ஒவ்வொரு வேஷமும் கச்சிதம், வேலைதான் கிடைக்கவில்லை. 1995-ல் கான் விழாவில் அது திரையிடப்பட்டது. படத்தைப் பார்த்த ஸ்பீல்பெர்க் 1998-ல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில் அவருக்கு வேடம் கொடுத்தார். ஃப்ரெடி வாஷிங்டனை வீட்டுக்கு அனுப்பிய அதே முகக் குழப்பம், அறுபது ஆண்டு கழித்து, உலகமெங்கும் விற்கும் முகமாகிவிட்டது. எந்த நாட்டு ரசிகனும் நம்ம ஆள் என்று நினைத்துக்கொள்ளலாம். 'ராக்' டுவைன் ஜான்சனும் இதே வகைதான்: அப்பா கறுப்பின மல்யுத்த வீரர், அம்மா சமோவா வம்சம்.

கேள்வி: பிறப்பை மறைத்துப் பெரிய நட்சத்திரமான நடிகர்கள் நிஜத்தில் இருந்தார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கறுப்பினப் பிறப்பை மறைத்தவர் அல்ல என்றாலும், பிறப்பை மறைத்த நம் பக்கத்துப் பெண் ஒருவர் இருந்தார். மெர்ல் ஓபரான். 1911-ல் பம்பாயில் பிறந்தவர். அவர் தாய்வழி வேர் உங்கள் இலங்கையில் இருந்தது. பிரிட்டனுக்குப் போய், பிறகு ஹாலிவுட்டில் நாயகியாகி, 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காக 1935-ம் ஆண்டின் சிறந்த நடிகை ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். ஊர் எதுவென்று கேட்டால் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா என்பார். அவ்வளவு தொலைவுக்குப் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். சாகும் வரை, அதாவது 1979 வரை, அந்தப் பொய்யை விடவில்லை. உண்மை வெளியானது அதற்குப் பிறகுதான். பொய் சொல்லாத ஃப்ரெடிக்குப் படம் இல்லாமல் போனது. பொய் சொன்ன மெர்லுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. குற்றம் யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: இப்போது நிலைமை மாறிவிட்டதா? இரு இனப் பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் கறுப்பின நாயகி வேடங்களே போகின்றன என்று ஒரு புகார் படித்தேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மாறிவிட்டது, புகாரும் நியாயம்தான். 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பர்-வெள்ளையர் திருமணத்தைத் தடுக்கும் சட்டங்களைச் செல்லாதவை என்று தீர்த்தது. அன்றைக்கும் 16 மாநிலங்களில் அந்தச் சட்டம் இருந்தது. வழக்குப் போட்ட ரிச்சர்ட், மில்ட்ரெட் லவ்விங் தம்பதியைப் போலீஸ் நடுராத்திரியில் படுக்கையறையில் புகுந்து கைது செய்திருந்தது. அந்தக் கதை 2016-ல் 'லவ்விங்' என்று படமானது. மனைவியாக நடித்தவர் அதே ரூத் நெக்கா.

2002-ல் ஹாலி பெர்ரி சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். அந்தப் பரிசு பெற்ற முதல் கறுப்பினப் பெண். அவர் அம்மா வெள்ளையர், அப்பா கறுப்பர். உலகம் உன்னைக் கறுப்பினப் பெண்ணாகத்தான் பார்க்கும், அதற்குத் தயாராக இரு என்று அம்மாவே சொல்லி வளர்த்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மேடையில் அழுதுகொண்டே, தனக்கு முன்னால் வழி போட்ட லீனா ஹார்னையும் டாரதி டான்ட்ரிட்ஜையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். டாரதி 1954-ல் வந்த 'கார்மென் ஜோன்ஸ்' படத்துக்காக அந்தப் பரிந்துரையைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். கதவு திறந்துவிட்டது என்றார் ஹாலி. அடுத்த இருபது ஆண்டுகள் அந்தக் கதவு வழியாக இன்னொரு கறுப்பினப் பெண் வரவில்லை.

நீங்கள் படித்த புகார் இதுதான்: கறுப்பினக் கதை எடுக்கும்போதுகூட, அடர்கறுப்பு நடிகையை விட்டுவிட்டு வெளுத்த நிறத்தவரையே தேடுகிறார்கள். 2016-ல் வந்த 'நினா' படம் இதற்குக் கண்முன் சாட்சி. பாடகி நினா சிமோன் நல்ல கறுப்பு. அந்த நிறத்துக்காகவும் மூக்குக்காகவும் இழிவுபட்டு, அதையே பெருமையாகத் தாங்கி நின்றவர். அவராக நடித்த ஸோயி சல்டானாவுக்குக் கறுப்பு மேக்கப்பும் செயற்கை மூக்கும் வைத்தார்கள். 1933-ல் ஃப்ரெடிக்குப் பூசிய மை 83 ஆண்டு கழித்தும் காயவில்லை பாருங்கள். நான் அந்த வேடத்தை ஏற்றிருக்கக் கூடாது என்று 2020-ல் ஸோயி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இளைய தலைமுறை கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. அம்மா கறுப்பினத்தவரும் அப்பா டென்மார்க் நாட்டவருமான அமாண்ட்லா ஸ்டென்பெர்க், 'பிளாக் பாந்தர்' தேர்விலிருந்து தானாகவே விலகியதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதைக்கு என் நிறம் பொருந்தாது என்பதே அவர் சொன்ன காரணம்.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். இரு இனப் பெற்றோரின் பிள்ளைக்கு அவர் கதையைக் கொடுங்கள். அடர்கறுப்பு நடிகைக்கு அவர் கதையைக் கொடுங்கள். மேக்கப் டப்பாவை இரண்டு பேரிடமிருந்தும் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஹாலிவுட்டுக்கு வெளியே இந்தக் கதைகள் உண்டா? எந்தப் படத்தில் தொடங்கலாம்?
– வாசகி, புதுச்சேரி

பதில்: உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஜெர்மனியில் இருந்த கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூட வயதை எட்டிய நேரத்தில், 1952-ல், 'டாக்ஸி' என்ற ஜெர்மன் படம் வந்தது. வாடகைக் காரல்ல, அது ஒரு சிறுமியின் பெயர். வசதியான குடும்பத்தின் வாசலில் அவளை விட்டுவிட்டுப் போகிறார்கள். குடும்பம் அவள்மேல் பாசம் வைக்கத் தொடங்குகிறது. கடைசியில் அமெரிக்காவிலிருந்து அப்பா வந்து அழைத்துப்போகிறார். பார்ப்பவருக்குக் கண்ணீர், நாட்டுக்கு நிம்மதி! அவள் ஜெர்மன் பெண்ணாக அங்கேயே வளரலாம் என்று சொல்லப் படத்துக்குத் துணிச்சல் வரவில்லை.

1959-ல் வந்த பிரிட்டிஷ் படம் 'சஃபயர்'. லண்டன் பூங்காவில் ஓர் இளம்பெண்ணின் பிணம். வெள்ளைக்காரி என்று போலீஸ் விசாரிக்கிறது. அண்ணன் என்று சொல்லி ஒரு கறுப்பின டாக்டர் உள்ளே வருகிறார். இன்ஸ்பெக்டரின் முகம் மாறுகிறது. அந்த நொடியிலிருந்து கொலையாளியைவிட, விசாரிப்பவர்களின் மனசுதான் வெளியே வருகிறது. 2013-ன் 'பெல்' இன்னொரு நல்ல படம். 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தலைமை நீதிபதி வீட்டில் வளர்ந்த டைடோ எலிசபெத் பெல் என்ற பெண்ணின் நிஜ வாழ்க்கையைத் தழுவியது. நாயகியாக நடித்த குகு எம்பாதா-ராவின் அப்பா தென்னாப்பிரிக்கர், அம்மா ஆங்கிலேயர்.

தொடங்குவதென்றால் இரண்டு 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' படங்களையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். முதலில் 1934, பிறகு 1959. மூன்றாம் நாள் 'பாஸிங்'. இந்த வரிசையில் பார்த்தால் நான் இங்கே எழுதியது எதுவும் தேவைப்படாது. 1934 படத்தில் அந்த வகுப்பறைக் காட்சி வரும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, வாசலில் குடையோடு நிற்கும் அம்மாவின் முகத்தைப் பாருங்கள். அவளாக நடித்தவர் பெயர் லூயிஸ் பீவர்ஸ். அந்தப் படம் அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. லூயிஸ் பீவர்ஸுக்கும் ஃப்ரெடி வாஷிங்டனுக்கும் பரிந்துரை இல்லை.